வேப்பிலை அரைத்த வாரம்

2008 ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். சர்ச்சில் பூசை முடிந்து வந்து துணி ஊற வைக்கும்போது போன். சிதம்பரத்துப் பள்ளியிலிருந்து. வியாழக்கிழமை டெமோ கிளாஸ், எட்டாம் வகுப்பு. தலைப்பும் அவர்களே சொல்லிவிட்டார்கள்: லிங்கிங் வெர்ப், சப்ஜெக்ட் காம்ப்ளிமெண்ட். முன்பிருந்த டீச்சருக்கு அரசு வேலை கிடைத்துவிட்டதாம். "சரி சார், வர்றேன் சார்." போனை வைத்த பிறகுதான் பயம்.

எம்.ஏ., பி.எட். கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் வேலை பார்த்ததோடு சரி. இதையும் விட்டால் இனி யார் கூப்பிடப் போகிறார்கள்.

பயம் இலக்கணத்தை நினைத்து மட்டும் இல்லை. ஜெனிக்கு ஒன்றே முக்கால் வயது. இன்னும் என் பால்தான் சாப்பாடு. சோறு ஊட்டினால் துப்புகிறாள். நான் கண்ணில் பட்டால் போதும், முந்தானையைப் பிடித்து இழுப்பாள். வேலை கிடைத்தால் காலை ஆறரை பஸ், வீடு திரும்ப மாலை ஆகிவிடும். அதுவரை என்ன சாப்பிடுவாள்?

என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "இங்கிலீஷ் மிஸ் வூட்ல இருக்கும்போது நான் பேசலாமா, லீவு லெட்டர் குடுக்கணுமா?"

"சும்மா இருங்க மாமா."


ஜூலை 7, திங்கள்

அவர் முதுநகர் கடைக்குப் போனதும் புத்தகம் எடுத்தேன். ஜெனி மடியில். பால் குடித்துக்கொண்டே பக்கத்தைக் கிழித்தாள்.

கல்லூரியில் இதையெல்லாம் கைடு பார்த்து மனப்பாடம் செய்து எழுதினதுதான். புரிந்து படித்ததாக ஞாபகம் இல்லை. இன்று உட்கார்ந்து யோசித்தேன். "எங்கப்பா டிரைவர்." தமிழில் அவ்வளவுதான், முடிந்தது. வினையே வேண்டாம். இங்கிலீஷில் நடுவில் ஒன்று நின்று இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். My father is a driver. அந்த is ஓடுவதில்லை, அடிப்பதில்லை, எதுவும் செய்வதில்லை. அப்பாவையும் டிரைவரையும் சேர்த்து வைக்கிறது. டிரைவர் என்பது சப்ஜெக்ட் காம்ப்ளிமெண்ட்: எழுவாய் யார், எப்படி இருக்கிறது என்று சொல்லி நிரப்புவது.

போர்டில் எழுத:
My mother is a nurse. (யார்)
The child is thin. (எப்படி)
look, feel, taste, smell, seem, become, grow. இவை சில நேரம் லிங்கிங், சில நேரம் சாதாரண வினை.
The farmer grows cashew. செய்கிறான். The child grows thin. எதையும் செய்யவில்லை, ஆகிறது.
சோதனை: அந்த இடத்தில் is போட்டுப் பார். பொருள் ஏறக்குறைய நின்றால் லிங்கிங்.

இரண்டு உதாரணத்திலும் thin எழுதியிருக்கிறேன். ஒன்றை மாற்ற வேண்டும்.

மதியம் பருப்பு சாதம், நெய் விட்டு. நான்கு வாய். நான்கும் தரையில்.


ஜூலை 8, செவ்வாய்

ஜெனியை எடை பார்க்கத் தூக்கிப் போனேன். போன மாதம் இருந்த அதே எடை. நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பால் குடுக்கறது தப்பில்ல. ஆனா சோறு உள்ள போவணும்மா. வயிறு நெறைய பால் குடிச்சிட்டா எப்படி சாப்புடும்?"

வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை முறத்தைக் கீழே வைத்தார்.

"இதத்தான நானும் சொல்றேன். வேப்பிலைய அரைச்சு மார்ல தடவு. ஒம் புருஷனுக்கு அப்படித்தான் பால மறக்கடிச்சேன். ரெண்டு நாளு கத்துவான்னு பாத்தேன், ஒரே நாள்ல சோத்துச் சட்டிய கட்டிக்கிட்டான். இன்னும் வுடல."

"வேற வழி இல்லையா அத்தே?"

"இருக்கு. வேலைக்குப் போவாத."

குத்திச் சொன்னதா, சும்மா சொன்னதா தெரியவில்லை. அடுத்த நிமிஷம் அவரே எதிர் வீட்டு மரத்தில் கொழுந்து பறித்து வந்து அம்மியில் வைத்தார்.

மாலை நாலு மணிக்குத் தடவினேன். பச்சையாக, காய்ந்ததும் தோல் இழுத்தது. ஜெனி ஓடி வந்து மடியில் ஏறினாள். வாய் வைத்தாள். உடனே எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபக்கம் போய் வாய் வைத்தாள்.

அங்கும் தடவியிருந்தேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.


ஜூலை 9, புதன்

ராத்திரி முழுக்க ஜெனி அத்தையிடம் படுத்தாள். அழுதது கேட்டது. காலையில் அரை இட்லி. அத்தை என்னிடம் தட்டைக் கொண்டுவந்து காட்டினார், நான் ஏதோ பரிசு கொடுக்கப் போகிறவள் போல.

ஜெனி என் பக்கம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். கூப்பிட்டால் பொம்மையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள்.

எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. சூடு. கை தூக்க முடியவில்லை. வெந்நீர் ஒத்தடம். "பீச்சி ஊத்திடு, கட்டிக்கிட்டா காய்ச்சல் வந்துரும்" என்றார் அத்தை. கொஞ்சம் மட்டும் பீச்சினேன். வாஷ்பேசினில் ஊற்றக் கை வரவில்லை, செம்பருத்திச் செடியில் ஊற்றினேன்.

நாளைக்கு: நீலச் சேலை. சாக்பீஸ் அங்கேயே கொடுப்பார்கள். சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ். பின் ஊசி இரண்டு.


ஜூலை 10, வியாழன்

போய் வந்தாயிற்று. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக, ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் சரியாக உட்கார இடம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போனது.

எட்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் பிரின்சிபால். "எங்கப்பா டிரைவர்" என்று ஆரம்பித்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லாவற்றிலும் is போட ஆரம்பித்துவிட்டார்கள். My father is drive bus. சிரித்துத் திருத்தினேன்.

அடுத்து பலாப்பழம். The jackfruit smells என்று எழுதி, மீதியைச் சொல்லுங்கள் என்றேன். முன் பெஞ்சுப் பெண் எழுந்து "sweetly மிஸ்" என்றாள்.

"ஏன் sweetly?"

"இனிமையாக மிஸ். 'ஆக' வந்தா ly போடணும். பழைய மிஸ் சொன்னாங்க."

நானும் அப்படித்தான் படித்தேன். தமிழ்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த ஒரே குழி. கேட்டேன்: "பலாப்பழத்துக்கு மூக்கு இருக்கா?"

பின்னாலிருந்து ஒருவன்: "முள்ளுதான் மிஸ் இருக்கு." வகுப்பே சிரித்தது.

"மோந்து பாக்கற வேலைய பழம் செய்யல. அது எப்படி இருக்குன்னுதான் சொல்றோம். அதனால sweet. நீ பழத்த மோந்து பாத்தா, அது வேல. அங்க ly வரலாம்."

அந்தப் பெண் நோட்டில் ly-ஐ அடித்தாள். எனக்கு அப்போது சந்தோஷம். உண்மையான சந்தோஷம். நான் இதற்குத்தான் படித்தேன் என்று தோன்றியது. அந்த நேரம் ஜெனி ஞாபகமே இல்லை.

அடுத்து taste. உதாரணம் கேட்டேன். நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்: "Milk tastes sweet!"

திரும்பி போர்டில் எழுதினேன். எழுதும்போதே ரவிக்கை நனைந்தது. சூடாக, நிற்காமல். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மீதி வகுப்பு முழுதும் ஒரே கையால் எழுதி முடித்தேன்.

பிரின்சிபால் அறையில்: "நல்லா எடுத்தீங்கம்மா. பசங்க பேசினாங்க, அதுதான் வேணும். ஒண்ணு மட்டும். புக்க அப்படி இறுக்கிப் புடிச்சிட்டு நிக்காதீங்க. பயப்படறீங்கன்னு பசங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"பழகிடும் சார்."

திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.


ஜூலை 11, வெள்ளி

லேசான காய்ச்சல். மாத்திரை. அவர் கடையிலிருந்து வரும்போது அல்வா வாங்கி வந்தார். "மிஸ், வாயத் தொறங்க." அழுதுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வேல கெடச்சதுக்கா அழுவற?"

ஜெனி இன்று இரண்டு இட்லி, ரசம் சாதம், அரை வாழைப்பழம். அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

நேற்றே தடவுவதை நிறுத்திவிட்டேன். சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினேன். கசப்பு போயிருக்கும்.


ஜூலை 13, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. நாளை முதல் நாள். போகும் முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கொடுத்துவிடலாம் என்று இரண்டு நாளாக ஒரு எண்ணம். தப்பு என்று தெரியும். இவ்வளவு பாடுபட்டு மறக்கடித்தது பாழாகும். அத்தைக்குத் தெரிந்தால் திட்டுவார்.

மதியம் கரண்ட் இல்லை. அத்தை பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பாயில் படுத்து, சேலையை விலக்கி, கதவோரம் நின்ற ஜெனியை "வாடா கண்ணு" என்றேன்.

வந்தாள். இத்தனை நாளில் முதல் தடவை அவளாக அருகில் வந்தாள். உட்கார்ந்து பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். முகம் சுளிக்கவில்லை, கோபமில்லை. கீழே கிடந்த முந்தானையை இரண்டு கையாலும் எடுத்து என் மேல் போட்டு மூடினாள். மூடி, மேலே இரண்டு தட்டு தட்டினாள், அவளைத் தூங்க வைக்க நான் தட்டுவது போல.

பிறகு எழுந்து பின்பக்கம் ஓடினாள். "மம்மு" என்று கேட்டது.

"பசிக்குதாடி தங்கம், இரு வர்றேன்" என்று அத்தை தட்டை அலசும் சத்தம்.