இறக்கி விடுங்கடி

ஜனவரி 20, 2026. செவ்வாய்
காளவாசல் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த முழங்காலோட இனிமே லீக் ஆடக் கூடாதும்மா."
அழுவேன் என்று நினைத்திருந்தேன். பசிதான் எடுத்தது. பரோட்டா சாப்பிட்டேன்.
பத்து வருடம் கால்பந்துதான் சோறு போட்டது. சென்னை, கோழிக்கோடு, புவனேஸ்வர் என்று நடுக்களத்தில் ஓடியிருக்கிறேன். அலங்காநல்லூர்க்காரிக்கு இது கொஞ்சமா? கொடுத்து வைத்தவள்தான்.
ஒன்றுதான் உறுத்துகிறது. கடைசி ஆட்டத்தில் முழங்கால் திருகி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அப்படியா முடிய வேண்டும்?

ஜனவரி 23
பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி அக்கா: "என்னத்தா ரோகிணி, முப்பத்திரண்டு வயசுலயே ரிட்டையர்டா? எவனாச்சும் ஒம்மேல பெட்டிஷன் போட்டுட்டானா?"
விளக்கிச் சொன்னேன். "சரி சரி, நான் வெளிய சொல்லல" என்றார். இனி ஊருக்கே தெரியும்.

ஜனவரி 28
சரண்யாதேவி போன் செய்தாள். நான் தள்ளிவிட்ட பந்தையெல்லாம் கோலாக்கிப் பேர் வாங்கியவள். எனக்காக மதுரையில் பிரியாவிடை ஆட்டம் வைக்கிறாளாம். "கடைசிப் பத்து நிமிஷம் வந்தாப் போதும்டி."
டாக்டரிடம் கேட்டேன். முறைத்தார். பிறகு, "ஓடாம ஆடத் தெரியுமா?" என்றார். நடுக்களத்துக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது!

பிப்ரவரி 7
பயமா இருக்கு. மறுபடி விழுந்துட்டா? அதுவும் அம்மா முன்னாடி — ஒரு ஆட்டமும் நேர்ல பாத்ததில்ல, நாளைக்கு வாரேன்னு நிக்கிறா.

பிப்ரவரி 8, ஞாயிறு
விழவில்லை! சரண்யாவின் காலடிக்கே ஒரு பந்து கொடுத்தேன். வானத்துக்கு அடித்தாள், கழுதை.
விசில் ஊதியதும் டீம் பிள்ளைகள் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல். மைக் தேவைப்படாத குரல். "ஏ, இறக்குங்கடி! எம் புள்ளைய இறக்கி விடுங்கடி!"
மைதானமே திரும்பிப் பார்த்தது. பயந்துபோய் இறக்கிவிட்டார்கள். நடந்தே எல்லைக்கோட்டைத் தாண்டினேன். அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டு நின்றாள்.
"ஏம்மா மானத்த வாங்குற?"
"அன்னைக்கு ஒன்னையத் தூக்கிட்டுப் போனத போன்ல பாத்தேன்டி. எம் மக தன் கால்ல நடந்து வெளிய வரணும்னு கருப்பனுக்கு நேந்துக்கிட்டேன். இவளுக தோள்ல தூக்கிட்டு வந்தா அது சேத்தியா?"
நான் யாரிடமும் சொல்லாத ஆசையை அம்மா சாமியிடமே சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 10
அழகர்கோவிலில் கருப்பனுக்குச் சந்தனம் சாத்தினோம். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கூட்டம். "எம் மகளுக்குக் கால் சரியில்ல, எடம் குடுங்கண்ணே" என்று அம்மா ஒருவரை எழுப்பினாள்.
அம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டே வந்தேன். வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது.