பிரேமா, வெறுங்கையா

அக். 14, வெள்ளி
விடியலிலிருந்து தூறல். உலர்த்திய எதுவும் காயவில்லை. கைவேலைக்கான மேட்டி துணி கையில் நமுத்த அப்பளம் மாதிரி.

ஞாயிறன்று என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பட்டுக்கோட்டைக்காரர்கள். மாப்பிள்ளை ஷார்ஜாவில், போட்டோ மட்டும் வந்திருக்கிறது. மீசை அடர்த்தி. அவர் அம்மாவுக்குக் கைவேலை என்றால் உயிராம். பெண் உட்கார்ந்து நாலு கிராஸ் ஸ்டிட்ச் போடுவதைப் பார்க்க வேண்டுமாம். சம்பந்தம் பேசும் ஆமினா மாமி சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா உடனே கடைத்தெரு போய் தையல் பிரேம் வாங்கி வந்துவிட்டாள். மர வளையம், பக்கத்தில் திருகாணி. "இத வச்சே தைம்மா. கை துணிக்கு அடியில போயிடும்."

சொன்னது என் இடது கை விரல்களைப் பற்றி. மோதிர விரல், சுண்டு விரல். சின்ன வயதில் வடிகஞ்சி கொட்டி மடங்கியவை. நிமிராது.

அக். 15, சனி
பிரேம் பழகினேன். மணிக்கட்டு வலி. மூன்று விரலில் வளையம் நிற்கவில்லை, சுழல்கிறது. மேசை விளிம்பில் சாய்த்துப் பார்த்தேன். தலையணை மேல். முழங்காலுக்கு நடுவே இடுக்கி. அது வருகிறவர்கள் முன்னால் ஆகாது.

எப்போதும் வெறுங்கைதான் எனக்கு. மடங்கிய விரல் இரண்டுக்குள் துணியைச் செருகிக்கொண்டால் அசையாது.

போன வருடம் வந்த இடத்தில் முந்தானைக்குள் கையை மறைத்தோம். நிச்சயம் வரை போய், யாரோ விரலைப் பற்றிச் சொல்லி, நின்றுபோனது. இன்னொரு தடவை அந்த அவமானம் தாங்காது. அம்மா முகத்தைப் பார்த்தால் அதையும் சொல்ல முடியவில்லை.

வாங்க: ஏலக்காய், டீ வடிகட்டி, நீல நூல்.

அக். 16, ஞாயிறு
வந்தார்கள், போனார்கள். உடம்பெல்லாம் அலுப்பு.

பிரேமோடுதான் உட்கார்ந்தேன். இரண்டு தையலில் வளையம் திரும்பிக்கொண்டது. தெரிந்துகொண்டே போகட்டும் என்று ஆகிவிட்டது. திருகாணியைத் தளர்த்திக் கழற்றி வைத்தேன். வெறுங்கையில் தைத்தேன். அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா: "விரல் என்னம்மா?"
சொன்னேன்.
"வேலையெல்லாம் செய்வியா?"
"எல்லாம் செய்வேன் மாமி."

துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "சுத்தமா இருக்கு." நான் பொரித்து, தங்கை நூர் கொண்டுவந்த சம்சாவில் இரண்டு சாப்பிட்டார்.

கொஞ்சம் நம்பிக்கை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக். 19, புதன்
ஆமினா மாமி வந்தார். அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ப் பேசினார். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. "குடும்பம் புடிச்சிருக்காம். சின்னவளக் குடுப்பீங்களான்னு கேக்குறாங்க."

பாழாய்ப் போகிறவர்கள். என் சம்சா, என் தையல்.

மதியக் குழம்பில் உப்பில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தார்கள்.

அக். 20, வியாழன்
மழை விட்டது. கொசு.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு மறுபடி வர்றாங்கம்மா. அவளுக்கும் ரெண்டு தையல் சொல்லிக்..." என்றாள். நூருக்கு இதில் இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். தெம்பில்லை.

நூர் துணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரேமைத் தொடவில்லை. இடது கை மோதிர விரலையும் சுண்டு விரலையும் உள்ளே மடக்கி, அதற்குள் துணியைச் செருகிக்கொண்டாள். பாவாடை வயதிலிருந்து அவள் லாத்தா நான் தைப்பதைப் பார்த்தே வளர்ந்தவள்.

"விரல நீட்டுடி. ஒனக்கு நல்ல விரல்" என்றேன்.

"நீட்டுனா எப்புடி லாத்தா புடிக்கிறது?" என்கிறாள்.