கேபிளில் காய்ந்த தோல்

செவ்வாய், இரவு

இதற்கெல்லாம் ஒரு பக்கத்தை வீணாக்குவது தப்புதான். எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

ஆம்பூர் தோல் ஷெட்டில் மூன்று நாளாகப் பகலில் மட்டும் நெட் படுத்துவிடுகிறது. எங்கள் நெட் கம்பெனியின் சீனியர் சேகர் அண்ணன் மோடம் பெட்டியை மாற்றினார். சரியாகவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் ஃபைபரில் ஒளி குறைவதை மீட்டர் காட்டியது. அவரிடம் சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நானே போய்ப் பார்த்தேன். தாழ்ந்து தொங்கிய எங்கள் கேபிளில் ஈரத்தோல்களைக் காயப் போட்டிருந்தார்கள்.

“அக்கா, இது கொடி இல்ல. உள்ள கண்ணாடி இழை. மடிஞ்சா வெளிச்சம் போவாது.”

“இன்னாம்மா சொல்ற? நல்லா ஸ்ட்ராங்கா கீதுன்னு ஜாஸ்தியா போட்டுட்டோம்!” அங்கே வேலை செய்யும் அக்கா சிரித்துக்கொண்டே தோல்களை எடுத்தார்.

நெட் வந்தது.

“புதுப் பெட்டி இப்பதான் செட்டாச்சு பாய்,” என்றார் சேகர் அண்ணன், முதலாளியிடம். நான் மீட்டரைப் பைக்குள் வைத்தேன்.

திரும்பும்போது வண்டியில் சொன்னார்: “கேபிள் நசுங்கிப் போச்சு. நாளைக்கு வெட்டி ஒட்டணும். நீ பைய எடுத்துனு வந்துடு.”

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இந்த வேலையில் எட்டு மாதமாக இழை ஒட்டும் மெஷினைத் துடைத்து வைக்கிறேன். ஒரு இழைகூட ஒட்டியதில்லை. அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன். கேட்க நினைத்தது இவ்வளவுதான்: அண்ணே, நாளைக்கு நான் ஒட்டட்டுமா?