எங்கும் போகாத தடமும் இட்டேரியும்

இன்று காலை பின் டயரிலிருந்து ஒரு கிளுவை முள்ளைப் பிடுங்கினேன். பஞ்சர் பசையின் மூடியைத் திறந்ததும் வந்த வாடையில் உங்கள் நினைவு வந்தது. மற்றவர்களுக்கு மல்லிகை வாசம் வாய்க்கிறது. உங்களுக்கு ரப்பர் பசைதான் வாய்த்திருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோயம்புத்தூர் கடைகளுக்குக் கியர் சைக்கிள் வந்த புதிதில், ஆளுக்கொன்று வாங்கினோம். மலையேறச் செய்த வண்டி என்றார் கடைக்காரர். மலை தூரத்தில் இருந்தது. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே உங்கள் புன்செய்க் காட்டுப் பக்கம் ஓர் இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டுவண்டி போய்ப் போய்ப் பள்ளமான மண் தடம். வேர், கல், மணல், திருப்பம் எல்லாம் யாரும் திட்டமிடாமலே அமைந்திருந்தன. ஒரு ஞாயிறு அந்தப் பள்ளத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தோம். என் முழங்கைக்கு அடியிலிருந்து, "அடி ஏதாச்சும் பட்டுருச்சுங்களா?" என்று கேட்டீர்கள். எத்தனையோ முறை விழுந்தோம். நமக்குள் அந்த "ங்க" மட்டும் கடைசிவரை விழவில்லை.

இட்டேரியின் கோடியில் சரசக்கா வீடு. கணவர் இல்லை, இரண்டு எருமைகள் உண்டு. பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போக அவருக்கு இருந்த ஒரே வழி அது. "வாங்க கண்ணு, இன்னைக்கும் விழுந்துபோட்டுத்தான் வாரீங்களா?" என்று மோர் கொடுப்பார். நாம் வருவதில் தனக்கும் ஆதாயம் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். "நடமாட்டம் இருந்தாத்தான் இது தடம். இல்லீன்னா ரெண்டு பக்கத்து வேலியும் நடந்து வந்துரும்." வேலி நடக்குமா என்று சிரித்தோம். நமக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் அதிகம்.

உங்களுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. பம்புசெட் பட்டறை நடத்தியவர் நீங்கள். அளவில்லாமல் இருக்கும் எதுவும் உங்களைப் புண்படுத்தியது. முன்னால் மாட்டுவண்டி போனால் கோடி வரை அதன் பின்னால் ஊர வேண்டும். எதிரே ஆடு வந்தால் இறங்கி நிற்க வேண்டும். "இட்டேரியில நாம ஓட்டறது பாதிதானுங்க. மீதி, ஒதுங்கி நிக்கறது" என்பீர்கள். ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், சைக்கிளுக்கென்றே மண்ணை வெட்டிக் கட்டிய தடங்களின் படம் பார்த்தீர்கள். உங்கள் காட்டுக்குள் பொக்லைன் இறங்கியது. மேடும் பள்ளமும் சாய்வான வளைவுகளும் நீங்கள் வரைந்து கொடுத்த அளவில் எழுந்தன. ஆடு இல்லை, முள் இல்லை, மோரும் இல்லை. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. இந்தப் பக்கத்தில் எங்கும் போகாத முதல் தடம் இதுதான் என்றேன். பாராட்டாக எடுத்துக்கொண்டீர்கள்.

ஒரு வெயில்காலமும் ஒரு மழைக்காலமும் அதிலேயே சுற்றினோம். நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது சுற்றில் உடம்புக்கே எல்லா மேடும் தெரிந்துவிட்டதால், நிம்மதியாக அரசியல் பேச முடிந்தது.

பிறகு நீங்கள் பம்பு விற்க வடக்கே போயிருந்தபோது உங்கள் அப்பா காட்டைப் பார்க்க வந்தார். நிலத்தை நிரவத்தான் மகன் மெசின் வைத்தான் என்று அவர் நம்பியிருந்தார். பொக்லைன்காரரை வரவழைத்து, "ஏனுங் தம்பி, எம் பையனுக்கு வெவரம் பத்தாதுன்னு இப்படிக் குண்டும் குழியுமாப் போட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டாராம்.

"சைக்கிள் உடறதுக்குங்க அய்யா. அவருதான் கேட்டாருங்க."

"சைக்கிள் உடறதுக்குத்தான் ரோடு இருக்குதுங்களே!"

நீங்கள் திரும்பி வந்தபோது காடு தட்டைப் போலச் சமமாக இருந்தது. தென்னங்கன்றும் நட்டாகிவிட்டது. "சரி பண்ணிப்போட்டேன் சாமி" என்று அப்பா உங்கள் முதுகைத் தட்டினார். "சரிங்கப்பா" என்றீர்கள். அதைத் தவிர வேறு பதில் நம் வீடுகளில் பழக்கத்தில் இல்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இட்டேரிக்குப் போனோம். வேலி நடந்திருந்தது. மாட்டுவண்டிகள் அதற்குள் தார் ரோட்டுக்கு மாறியிருந்தன. கிளுவை இரண்டு பக்கமும் உள்ளே நகர்ந்திருக்க, நுழையும் இடத்தில் முள்கம்பி குறுக்கே ஓடியது. சரசக்கா கேனோடு யாருடைய வரப்பிலோ, அவர்கள் நாய்க்குப் பயந்து சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். சொசைட்டி மூடுவதற்குள் போய்ச் சேராத நாளில் பாலைத் திருப்பிக் கொண்டுவந்தார். நம்மைப் பார்த்துக் குறையேதும் சொல்லவில்லை. "எங்கீங் கண்ணு, ஆளையே காணோம்?" என்று மட்டும் கேட்டார்.

கம்பி கட்டிய பக்கத்துக் காட்டுக்காரரிடம் போனீர்கள்.

"ஆரும் பொழங்கறதில்லீங்களே" என்றார் அவர்.

"நாங்க பொழங்கறமுங்க."

"கடேசியா எப்பங்க வந்தீங்க?"

எதற்கும் அளவு சொல்லக்கூடிய நீங்கள் அன்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டீர்கள்.

மறுநாளிலிருந்து அரிவாளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனீர்கள். முள்ளை வெட்டினீர்கள். கம்பியை அவிழ்க்கச் சொல்லித் தினமும் அவர் வாசலில் நின்று மரியாதையாகக் கேட்டீர்கள். தினமும் மரியாதையாகக் கேட்கப்படுவதை ஒரு மனிதர் எவ்வளவு நாள் தாங்குவார்? அவிழ்த்தார். ஹேண்டில்பார் அகலத்துக்கு வழி திறந்தது. "ஒரு பால் கேன் போகுதுங்களா? போதுமுங்க" என்றீர்கள். அடுத்த சித்திரையில் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோயிற்று. வேலிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. முதல் மழைக்கே அது மறுபடி கிளம்பியது.

அதனால் ஞாயிறுதோறும் நான் போகிறேன். ஆசையால் என்று சொன்னால் பொய். முழங்கால் வலிக்கிறது, உங்கள் அரிவாள் என் கைக்குக் கனம். உங்கள் தென்னைகள் நன்றாக வந்திருக்கின்றன. அவற்றைக் கடக்கும்போது மட்டும் வேகமாக மிதிக்கிறேன்.

இன்று பக்கத்துக் காட்டுக்காரர் வேலியோரம் நின்று நான் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்தார். "இன்னுமுங்களா வாரீங்க?" என்றார்.

"வாரனுங்க."

அதற்குள் பின்னால் கேனின் சத்தம் கேட்டது. இருவருக்கு இடம் போதாது. சைக்கிளைத் தூக்கி முள்ளோடு முள்ளாகச் சாத்தி, ஒதுங்கி நின்றேன். சரசக்கா கடந்து போனார்.