ஜாமெட்ரி பாக்ஸின் அடித்தட்டு

டிசம்பர் 8, வெள்ளி

காலை முதல் தூறல். திங்கள்கிழமை அரையாண்டுத் தேர்வு ஆரம்பம். செய்யுள் இரண்டு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

அம்மா தூங்கிவிட்டாள். விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். இது போன வருட வரலாறு நோட்டின் கடைசிப் பக்கங்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் புரியாமலிருக்க, ஜாமெட்ரி பாக்ஸை இனி ஜா.பா. என்று எழுதுவேன். (இங்கேயே விளக்கிவிட்டேன். மக்கு.)

இன்றும் ஜா.பா. பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வந்தது.  

அணை மீன் முழுவதும் குத்தகைக்காரருக்கு. வேறு யாரும் தூண்டில் போடக் கூடாது. ஆடி மாதம் அப்பா புதரில் ஒளித்து வைத்திருந்த தூண்டில் மூட்டையைக் கண்டுபிடித்து, அவர் எதிரிலேயே எரித்தார்கள். அதற்குப் பிறகு கரைமேல் காவல் கொட்டகை. ஆண்களை நிறுத்தி இடுப்பு, துண்டு, தூக்குவாளி எல்லாம் பார்க்கிறார்கள். வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் காடு.

பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளை நிறுத்துவதில்லை. அதனால் அப்பாவின் கொக்கிகள் என் ஜா.பா.வுக்கு வந்தன. கொட்டகை தாண்டியதும் சின்னப் பாலம். அதன் அடியிலுள்ள குழாய்க்குள் நான் வைத்துவிட்டுப் போவேன். அப்பா பிறகு வெறுங்கையோடு வந்து எடுத்துக்கொண்டு, மலை ஓடை வந்து சேரும் மூலைக்குப் போவார். சாயங்காலம் திரும்பும்போது குழாயிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது என் வேலை.

காவலுக்கு இருப்பது ஏழுமலை மாமா. பூங்கொடியின் அப்பா. பூங்கொடி என் பக்கத்து பெஞ்சு, ஆறாவதிலிருந்து.

"இன்னா பாப்பா, பரிச்ச எப்போ?" என்று இன்று கேட்டார்.

"திங்கக்கெழம மாமா."

"நல்லா எழுது. எம் பொண்ணுக்கும் கொஞ்சம் காமி. அது தூங்கிக்கினே கெடக்குது."

சிரித்தேன். பை தோளில் கனத்தது.

டிசம்பர் 10, ஞாயிறு

மழை இல்லை. மலை முழுக்க மூட்டம். துணி காயவில்லை.

இன்று முழுவதும் ஜா.பா. வேலை. அடித்தட்டை அப்பா பிஸ்கட் டப்பா தகரத்தில் வெட்டிக் கொடுத்தார். விரல் விட்டுத் தூக்கினால் தட்டு அப்படியே வந்துவிடும். குழாய்க்குள் வைப்பதும் எடுப்பதும் சுலபம். அதில் இருப்பவை:

சின்னக் கொக்கி 11, நடுத்தரம் 6. பழைய செருப்பு ரப்பரை விரல் அகலத்தில் அறுத்து, முனை உள்ளே போகும்படி குத்தி வைத்தது.

தூண்டில் நரம்பு. உடைந்த அடிஸ்கேலின் இரண்டு முனையிலும் பள்ளம் வெட்டி, அதில் சுற்றியது. உருண்டையாகச் சுற்றினால் இடம் அடைக்கும், சிக்கும் விழும்.

ஈயக்குண்டு 9. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துணியில். இல்லையென்றால் நடக்க நடக்கக் கலகலவென்று சத்தம்.

மினுக்கான் 2. ஸ்பூனின் தலையை வெட்டி ஓட்டை போட்டது. தண்ணீருக்குள் இழுத்தால் குட்டி மீன் போலப் பளபளக்கும். ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்தால் ஒன்றின் இடம்தான்.

தவளை 1. சைக்கிள் டியூபில் செய்தது. விராலுக்கு.

இதற்கு மேல் ஒரு அட்டை. அட்டைக்கு மேல் காம்பஸ், டிவைடர், பாகைமானி, மூலைமட்டம். யார் திறந்தாலும் கணக்குதான்.

அப்பா மூன்று கொக்கியை முதுகோடு முதுகு சேர்த்துச் செம்புக் கம்பியால் கட்டி ஒரு முக்கொக்கி செய்திருக்கிறார். தவளையின் வயிற்றில் மாட்ட. ஓடை மூலையில் முழங்கை நீள விரால் ஒன்று இரண்டு தடவை தவளையைக் கவ்விவிட்டுத் தப்பிவிட்டதாம்.

"இதுக்கு எடமில்ல, அஞ்சு கண்ணு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

நான்தான் விடவில்லை. "நான் அடக்குறேன் பாரு" என்றேன். ரப்பர்தான் தடிமன். அதைப் பாதியாகச் சீவி எடுத்தேன். கொக்கிகளைச் சாய்த்துக் குத்தினேன். இடம் வந்துவிட்டது. முக்கொக்கியை எப்படிப் படுக்க வைத்தாலும் ஒரு முனை மேலே பார்க்கிறது. அட்டை இருக்கிறதே, போதும்.

அப்பா மூடியை அழுத்திப் பார்த்தார். சத்தமில்லாமல் மூடியது. "எம் பொண்ணு கையில ஒரு யானையக் குடுத்தாலும் டப்பாவுக்குள்ள மடிச்சி வச்சிடும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"ஆமா, போலீசு வந்தா உன்னையும் மடிச்சி வைக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "விராலு இன்னா அந்தக் குத்தகைக்காரன் வாங்கி வுட்ட குஞ்சா? மலையிலேர்ந்து தண்ணியோட வருது" என்றார்.

டிசம்பர் 12, செவ்வாய்

தமிழ் இரண்டும் முடிந்தது. கடிதம் நன்றாக எழுதினேன்.

விரால் கிடைத்தது! முக்கொக்கியில். அப்பா புல்லுக்கட்டுக்குள் வைத்து கச்சிராயபாளையத்துச் சாப்பாட்டுக் கடை அக்காவிடம் சேர்த்துவிட்டார். எங்களுக்கு ஒரு துண்டு கூட இல்லை. வாசனையாவது வீட்டுக்கு வரட்டும் என்று கையைக் கழுவாமல் வந்தேன் என்கிறார்.

பூங்கொடிக்குக் கணக்கு பயம். வட்டம் வரைய நான் சொல்லிக் கொடுத்தேன். என் ஜா.பா.வை எடுக்கக் கை நீட்டினாள். பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாடி, தங்கமா வச்சிருக்க?" என்றாள். கோபித்துக்கொண்டாள். அப்போது அதில் அடித்தட்டே இல்லை. பழக்கத்தில் பிடுங்கிவிட்டேன்.

டிசம்பர் 14, வியாழன்

எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் கொட்டகையைத் தாண்டினேன். சின்னப் பாலத்தில் குத்தகைக்காரரின் ஆட்கள் நாலு பேர், வலையைக் கைப்பிடிச் சுவரில் விரித்து ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். குழாய் அவர்கள் காலுக்குக் கீழே. செருப்பு வார் அறுந்ததுபோல நின்றேன். அவர்கள் நகரவில்லை. ஒருவன், "இன்னா மே, பரிச்சைக்கு நேரமாவல?" என்றான். கணக்குத் தேர்வு. ஜா.பா. இல்லாமல் எழுத முடியாது. அப்படியே கொண்டுபோய்விட்டேன். தட்டோடு.

திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பூங்கொடி பாகைமானி கொண்டுவரவில்லை. எழுந்து சாரிடம் கேட்டாள். சார் நடந்து வந்து, என்னைக் கேட்காமலே என் ஜா.பா.வை எடுத்துப்போய் அவள் முன்னால் வைத்தார். "எடுத்துக்கினு சீக்கிரம் குடுத்துடு."

சார், நான் எடுத்துத் தரேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள் மூடியைத் திறந்துவிட்டாள்.

பூங்கொடி பாகைமானிக்கு அடியில் கட்டை விரலை விட்டு அழுத்தி நெம்பினாள். அட்டை கிழிந்தது. அவள் கத்தினாள். கையை உதறினாள். முக்கொக்கி விரலோடு வந்தது. அதோடு தட்டும். கொக்கிகள், ஈயக்குண்டு, தவளை எல்லாம் ஹால் முழுக்க.

சார் அவள் கையைப் பிடித்துக் கொக்கியை இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்க சார்! எதிர்முள்ளு இருக்குது, சதையக் கிழிச்சிடும்" என்று ஓடினேன். "முன்னால தள்ளி முள்ள வெளிய எடுத்து வெட்டணும். அப்புறந்தான் உருவணும்."

"வுடுடி, வலிக்குதுடி" என்று அழுதாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வாட்ச்மேன் கொண்டுவந்த கட்டரால் நானே எடுத்தேன்.  அப்பா கையில் குத்தியபோது அவர் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

எடுத்து முடித்த பிறகுதான் சார் கேட்டார். "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது.

என் தாளை வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வைத்தார்கள். பூங்கொடியை ஊசி போட அழைத்துப் போனார்கள். மதியம் ஏழுமலை மாமா வந்தார். சார் காகிதத்தில் மடித்து வைத்திருந்ததைக் கையில் வாங்கிப் பார்த்தார். முக்கொக்கியை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெனம் என் எதிர்க்கதான போன" என்றார்.

முக்கொக்கியைக் காகிதத்தில் மறுபடி மடித்தார்.

"நல்லா படின்னு சொல்லி அனுப்பிக்கினு இருந்தேனே, பாப்பா."

அடித்திருந்தால் தேவலை.

டிசம்பர் 15, வெள்ளி

தேர்வு இல்லை. மழை.

விடியும்போதே குத்தகைக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அப்பா சட்டை போட்டுக்கொள்ளும்வரை வாசலில் நின்றார்கள். அம்மா ஒருவன் காலைப் பிடிக்கப் போனாள். "எழுந்திரும்மா, பேசிட்டு அனுப்பிடுவாங்க" என்றான்.

நேற்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பரைச் சீவியதையும் சொன்னேன். அவர், "அந்தப் புள்ள கையி எப்பிடி இருக்குது?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "எவன் கேட்டாலும் உனக்கு எதுவும் தெரியாது. நீ தூங்கறப்போ நான் உன் பையில வச்சேன். புரிதா?" என்றார்.

"சார் எதிர்க்க நான்தான் எடுத்தேன். தெரியாதுன்னா எப்பிடி நம்புவாங்க?"

"நம்ப வைக்கிறது என் வேல."

மாலை ஆகியும் வரவில்லை. அடிக்கிறார்களா. கேஸ் போட்டால் என்னையும் கூப்பிடுவார்களா. அம்மா அடுப்பு பற்றவைக்கவில்லை.  வெளியே யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குகிறோம்.

டிசம்பர் 16, சனி

அப்பா வந்துவிட்டார். பத்து மணி இருக்கும். காயம் எதுவும் தெரியவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். சாப்பிட்டார். படுத்துவிட்டார்.

அம்மாதான் சொன்னாள். கேஸ் இல்லை. ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்களாம், பொண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று. அதோடு வேலையும் கொடுத்துவிட்டார்கள்.

"இன்னா வேல?"

"கொட்டாயிலதான். ஏழுமல கூட. சம்பளத்துக்கு. உங்கப்பாவுக்கு நல்ல காலம், போ."

அழுகை வந்துவிட்டது.  அப்பா இனி யாருக்கும் ஒளிய வேண்டாம், காட்டோரம் குனிந்து ஓட வேண்டாம். ஓடிப்போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தேன். "அப்பா, வேல குடுத்துட்டாங்களாமே" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தூங்கவில்லை. கண் திறந்திருந்தது.

டிசம்பர் 17, ஞாயிறு

அறிவியல் படித்தேன். ஏறவில்லை.

பூங்கொடி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்து பூங்கொடி, "யாரும்மா?" என்பது கேட்டது. "யாருமில்ல" என்றாள் அவள் அம்மா.

அப்பா இன்று முழுவதும் ஐந்து வார்த்தைகூடப் பேசவில்லை. அம்மாதான் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

டிசம்பர் 18, திங்கள்

வெயில். பனி சீக்கிரமே விலகிவிட்டது.

அப்பா எனக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் எட்டரைக்குப் போனேன். கொட்டகை எதிரில் பெண்பிள்ளைகள் வரிசை. பத்து, பன்னிரண்டு பேர். இதுவரை அங்கே வரிசை இருந்ததில்லை. எங்களை நிறுத்தியதே இல்லை.

முன்னால் நின்ற எட்டாம் வகுப்புப் பெண் திரும்பி, "உங்களாலதான்கா" என்றாள்.

பெஞ்சில் குத்தகைக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழுமலை மாமா, என்னைப் பார்த்ததும் அணைப்பக்கம் திரும்பிக்கொண்டார். பைகளைத் திறந்து பார்ப்பது அப்பா.

"எதுல எதுல ஒளிக்கலாம்னு இவனுக்குத்தான் அத்துப்படி" என்று குத்தகைக்காரர் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். "நல்லாப் பாருய்யா. டிபன் டப்பா மூடி. பேனா மூடி. ஜாமெட்ரி பாக்ஸ்ல அடிவரைக்கும் பாரு."

அப்பா பார்த்தார். ஒவ்வொரு பையாக. சோற்றுக்குள்ளும் ஸ்பூனை விட்டுப் பார்த்தார். ஒரு பெண் அழுதாள். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். பூங்கொடி எனக்கு மூன்று பேருக்குப் பின்னால், கட்டை விரலில் கட்டோடு. "இன்னிக்கு வூட்லயும் உன் பைய பாப்பாராடி உங்கப்பா?" என்று யாரோ என்னைக் கேட்க, சிரித்தார்கள். பூங்கொடி சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை.

என் முறை வந்தது.

"பைய தொற" என்றார். அஞ்சு என்று பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் திறந்தேன். நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறினார். ஜா.பா.வைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, வெறும் தகரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.  காம்பஸ் கீழே விழுந்தது. நான் குனிவதற்குள் அவர் குனிந்து எடுத்தார். முகம் கிட்டே வந்தது. பார்க்கவில்லை.

"அடுத்த புள்ள வா" என்றார்.

அறிவியல் எப்படி எழுதினேன் என்று நினைவில்லை.

அப்பா இன்னும் சாப்பிடவில்லை. சட்டியில் அப்படியே இருக்கிறது. நாளைக்குச் சமூக அறிவியல், அதுதான் கடைசி. பை எடுத்துப்போக வேண்டாம் என்று நினைக்கிறேன். பேனாவை மட்டும் மூடி இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், அவர் பார்க்க வேண்டியதில் ஒரு பை கம்மி.