இடது தாடை

ராத்தா,

இன்று காலை அடுத்த வீட்டுப் பிள்ளை பல்வலியென்று அழுதது. அதன் தாய் பஞ்சில் கராம்பு எண்ணெய் நனைத்து வைத்திருக்கவேண்டும். அந்த வாசனை மதிலைத் தாண்டி வந்ததும் எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உலை பொங்கி வழிய, வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். விரல் தானாகத் தாடையின் அடியைத் தடவிப் பார்த்தது.

நானும் முதலில் பல்தான் காரணம் என்று நினைத்து, கராம்பு எண்ணெய் வைத்துப் பார்த்தவள். பல் ஆடியது, தாடை வீங்கியது, வலி மட்டும் பெரிதாக இல்லை. படம் பிடித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் நீங்கள், வெள்ளவத்தைப் புடைவைக் கடைக்காரரின் மனைவி. உங்களைப் பார்க்க வந்த தங்கைமார் ராத்தா என்று கூப்பிட்டதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். எனக்கும் இடது தாடை, உங்களுக்கும் இடது தாடை.

டாக்டர் இங்கிலீஷில் சொன்னதைத் தாதி எங்களுக்குத் தமிழில் சொன்னாள். இது புற்று இல்லை. பல்லை உண்டாக்கும் சதை வழிதவறி எலும்புக்குள்ளேயே கட்டியாக வளர்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் தாடையை அரித்துவிடும். சுரண்டி எடுத்தால் முகம் தப்பும், ஆனால் கட்டி திரும்பி வரலாம். எலும்போடு வெட்டினால் வருவது அரிது, ஆனால் முகம் கோணிப்போகும்.

எனக்கு அப்போது கலியாணம் பேசி முடித்திருந்தது. "சுரண்டினாப் போதும்" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன். நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்: "வெட்டினா எப்ப வூட்டுக்குப் போகலாம்?" பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு மூணு புள்ளைகள் ஈக்கி. அடிக்கடி இங்க வந்து படுக்கேலா" என்றீர்கள்.

நான் முழு முகத்தோடு மணவறையில் இருந்தேன். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவரோடு கொட்டாஞ்சேனையில் குடியேறினேன். வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் யுத்தம் வந்தது. இரத்மலானைப் பக்கம் விமானங்கள் இரைந்துகொண்டிருந்த அந்த நாள்களில் என் கட்டியும் திரும்பி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தலைவலி என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டே திரிந்தேன். ஒருநாள் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, கடைகளில் விசாரித்து உங்கள் கதவைத் தட்டினேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே "வந்திரிச்சா?" என்றீர்கள்.

"ஓம்."

உள்ளே கூட்டிப்போய், உங்கள் முகத்தை மறைத்திருந்த முந்தானையை இழுத்துவிட்டீர்கள். கன்னம் உள்ளே போயிருந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் கண்ணைத் தாழ்த்தினேன்.

"நல்லாப் பாருங்க. இவ்வளவுதான். நான் திங்கிறன், சிரிக்கிறன், அவரோட சண்டையும் புடிக்கிறன்."

"அவர் ஒண்டும் சொல்லேல்லையா?"

"மொதல்ல முகத்தப் பாக்காமத்தான் சோறு திண்டாரு. பழக நாள் எடுத்திச்சு. பொய் செல்ல மாட்டேன்."

அந்தப் பதில்தான் என்னை ஆஸ்பத்திரிக்குப் போக வைத்தது. ஒன்றும் ஆகாது என்று நீங்களும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். வெட்டிய பிறகு வாய் திறக்க முடியாமல் கிடந்தபோது, பஸ்ஸில் நெரிபட்டு வந்து என் வாயில் கஞ்சி ஊற்றினீர்கள். பக்கத்துக் கட்டில்காரிகளுக்கும் சேர்த்துக் கதை சொன்னீர்கள்.

கட்டி உங்களுக்குத் திரும்பி வரவேயில்லை. காய்ச்சல்தான் கொண்டுபோனது. செய்தி கேட்டு நான் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது, "மையத்த எடுத்திட்டாங்க" என்றார்கள். அடக்கம் முடிந்துவிட்டிருந்தது; உங்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை. அந்தத் தவிப்பு இன்னும் என்னை ஓரிடத்தில் இருக்க விடுவதில்லை.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஊரெல்லாம் கதைக்கிறார்கள். போன மாதம் உங்கள் பெரிய மகள் கலியாணம் சொல்ல வந்தாள். கதிரையில் இருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"சாச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன்."

திரும்பினேன்.

"உம்மா மாதிரியே ஈக்கி" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

தேத்தண்ணீர் போட எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவள் போகும்வரை எங்கும் எழுந்து போகாமல், அந்தப் பக்கத்தையே அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.