ரெங்கம்மாளின் மேல் அண்ணம்

திருநகர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அஸ்வினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் மெல்பர்ன் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். வாரம் தவறாமல் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, பிறகு எதற்கு அப்பா கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் இந்தப் பக்கம் அம்மா இருக்கிறாள், அந்தப் பக்கம் மாப்பிள்ளை இருக்கிறார், சில பேச்சை எடுத்தால் யாராவது ஒருவருக்குக் குரல் கம்மிவிடும். எழுத்தில் என்றால் முழுசாகச் சொல்லிவிடலாம். இது செல்லத்தாய் அத்தை வீட்டுச் சேதி. பேரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி.

அத்தை மகன் முத்துப்பாண்டியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீ சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பேச்சை முறித்த அக்கா இந்த வாசலை மிதிக்கவில்லை, நானும் அவள் ஊரான பேரையூர் பக்கம் போகவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆனதும் பெண் பிள்ளை பிறந்ததும் கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். இப்படி இருக்கும்போது வைகாசி மாதம் ஒருநாள் பல் செட் செய்யும் எங்கள் லேபுக்குப் பசுமலை கிளினிக்கிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் வாய் அளவு வந்தது. பிளாஸ்டர் ஊற்றி அச்சைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தேன். மேல் அண்ணம் கிண்ணத்தின் உள்பக்கம் போல அகன்று இருக்க வேண்டும். இது குறுகி, கூம்பு மாதிரி மேலே ஏறியிருந்தது, என் கட்டைவிரல் கூடப் படியவில்லை. இருபத்தாறு வருஷமாக அச்சு பார்க்கிறவனுக்கு ஒன்று தோன்றிவிடும், இந்தப் பிள்ளை அநேகமாக வாயால்தான் மூச்சு விடும் என்று. நமக்கு அண்ணமாக இருப்பதுதான் மூக்குக்குத் தரை, கீழே குறுகினால் மேலேயும் காற்றுக்கு இடம் குறையும். கூட வந்த சீட்டைப் பார்த்தேன். மு. ரெங்கம்மாள், வயது ஏழு, பேரையூர் என்று இருந்தது. இந்தக் காலத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்கு யாரம்மா அந்தப் பேரை வைப்பார்கள்? அக்கா தன் பேத்திக்கு எங்கள் ஆத்தா பேரை வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அண்ணத்தை விரிக்கும் பிளேட் செய்யச் சொல்லியிருந்தார்கள், நடுவில் ஒரு சின்னத் திருகு இருக்கும், வீட்டிலேயே சாவி போட்டுக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். யாரிடமும் சொல்லாமல் நானே செய்து பசுமலை கிளினிக்குக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனால் அது டப்பாவில் அப்படியே இருக்கிறது. அங்கே இருக்கும் பல் டாக்டர் ஹஃபீஸாவிடம் கேட்டேன். "அளவு குடுத்துட்டுப் போனவங்க திரும்ப வரவே இல்லண்ணே, போனும் எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிற மாதிரித் தெரிகிறது, காது மூக்கு டாக்டரிடமும் காட்டச் சொல்லியிருந்தேன், எல்லாப் பிள்ளைக்கும் இந்த பிளேட் வேண்டியதில்லை, இந்தப் பிள்ளைக்கு வேண்டும் என்றார். சின்ன வயதில் அண்ணத்தின் நடு எலும்பு இறுகாமல் இருக்கும், பெரியவளானால் அவ்வளவு லேசில் விரியாது என்றும் சொன்னார். எங்கள் வீட்டுப் பிள்ளைதான் டாக்டரம்மா என்றேன். அப்படியென்றால் நீங்களே கூட்டி வாருங்கள் என்றார்.

அம்மாவிடம் திருமங்கலத்தில் வேலை என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அந்தப் பொய்க்கு இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாசலில் வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள், வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பகல் சாப்பாட்டு நேரம். பிள்ளை உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாய் சோறு, பிறகு மெல்லுவதை நிறுத்தி வாயைத் திறந்து மூச்சு, பிறகு மெல்லுதல். உதடு வெடித்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஏழு வயதுக்கு ரொம்பக் களைத்த முகம். பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் தினமும் குறை சொல்கிறார்களாம். மெத்தனமான பிள்ளை என்று வீட்டிலும் பேர் வாங்கியிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு வந்ததே கோபம். "உன் மக எங்கள வேண்டாம்னு தூக்கி எறிஞ்சிட்டுப் போனா. இப்ப எங்க பிள்ள வாய்க்குள்ள உனக்கு என்ன சோலி?" என்றாள். பொம்பளைப் பிள்ளை மூஞ்சியில் எலும்பைப் பிளக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், பால் பல் விழுந்து முளைத்தால் தானே சரியாகும் என்று அவள்தான் தடுத்திருக்கிறாள்.  "ஆத்தா பேரு போட்ட சீட்டு அது, அக்கா. அந்தப் பேர்ல ஒரு பிள்ள மூச்சுக்குச் சிரமப்படுதுன்னு தெரிஞ்சும் நான் எப்படி வேலைய முடிச்சிட்டு எந்திரிச்சுப் போறது?" என்றேன். அடுப்படியிலிருந்து முத்துப்பாண்டியின் மனைவி முனீஸ்வரி வந்தாள், அவள்தான் மாமியாருக்குத் தெரியாமல் பிள்ளையைப் பசுமலைக்குக் கூட்டிப் போனவள். "அந்த பிளேட்ட நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டவள் அங்கேயே அழுதுவிட்டாள்.  அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள், சோறு மட்டும் போட்டுவிட்டுக் குழம்பை முனீஸ்வரியை ஊற்றச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு வரை முத்துப்பாண்டி பைக்கில் கொண்டுவந்து விட்டான். பஸ் வரும்வரை கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே நின்றவன் திடீரென்று சொன்னான். "மாமா, அன்னைக்கு எனக்கும் அந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல. அம்மாகிட்டச் சொல்லத் தைரியமில்ல. அஸ்வினி சொல்லிருச்சு. பழியெல்லாம் அது தலையில விழுந்துச்சு, நான் வாயத் தொறக்காம இருந்துட்டேன்." இதை அவன் வீட்டிலும் சொல்லவில்லையாம், சொல்லிவிடுகிறேன் மாமா என்றான். அந்த வாரமே சொல்லிவிட்டான் என்று முனீஸ்வரி போனில் சொன்னாள். இரண்டு நாள் கழித்து, பிள்ளையைப் பசுமலைக்குக் கூட்டிப் போங்கள் என்று அக்காவே சொன்னாளாம்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. நீ அவசரப்பட்டாய், பெரியவர்களை மதிக்கவில்லை என்று நானும்தானே இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்தேன். உன்னை ஏர்போர்ட்டில் விட வந்தபோது கூடச் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அது என் தப்பு. அப்பா மகளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று ஒன்றும் இல்லை, மன்னித்துக்கொள் தாயி.

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். காது மூக்கு டாக்டர் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மூக்குக்கு மருந்து அடித்துப் பார்ப்போம் என்றார், சதை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. பிளேட் மாட்டி இரண்டு மாதம் ஆகிறது. முனீஸ்வரிதான் சாவி போடுகிறாள். முதல் வாரம் எச்சில் ஒழுகி, பேச்சு குழறி, பிள்ளை ஒரே அழுகை. பிறகு முன்பல் நடுவில் சந்து விழுந்ததும் அக்கா பயந்து எனக்கே போன் போட்டாள், ஒன்பது வருஷத்தில் முதல் போன். அண்ணம் விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், தானாகச் சேர்ந்துவிடும் என்று சொன்னேன். முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், பெரிய பல் முளைக்க முளைக்கப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், ஒருவேளை பிறகு கம்பியும் போட வேண்டியிருக்கும். ஆனால் வகுப்பில் தூக்கம் குறைந்திருக்கிறது, உதட்டை மூடிக்கொண்டு சாப்பிடுகிறாள்.

வேலைக்கு ஓடுகிற ஓட்டத்தில் நீ சாப்பிடாமல் இருந்துவிடாதே. அம்மா மிளகாய்ப் பொடி அனுப்பியிருக்கிறாள், வந்ததும் டப்பாவில் கொட்டி வை. இன்னும் ஒன்று. போன வாரம் பசுமலையில் பிள்ளையைக் காட்டிவிட்டு அக்கா என்னோடு பஸ்ஸுக்கு நின்றாள். உன் பேச்சை அவள் எடுக்கவே இல்லை, நானும் எடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் குனிந்து, "அஸ்வினி மகன் தூங்கையில வாய மூடித் தூங்குறானா, நம்ம வீட்டு வாயாச்சே, கேட்டுச் சொல்லு" என்றாள். பார்த்துவிட்டு எழுது, அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

மீனாட்சி உங்கள் மூவரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
தவசி